எலெக்ட்ரிக் சைக்கிள் ஸ்டாண்ட்: எழுவான்கரை மணலில் எது நிற்கும், படுவான்கரைக் களியில் எது நிற்கும்?

சாதாரணச் சைக்கிள் சாய்ந்து விழுந்தால் ஹாண்டிலை நேராக்கிவிட்டு ஏறிப் போய்விடலாம். எலெக்ட்ரிக் சைக்கிள் அப்படியல்ல. இடப்பக்கம் விழும் சைக்கிளில் முதலில் அடிபடுவது இடது பிரேக் லீவர். பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சிறு சுவிட்ச் பெரும்பாலும் அந்த லீவருக்குள்தான் இருக்கிறது. லீவர் வளைந்து அந்த வயர் நசிந்தால் ஒன்றில் மோட்டார் ஓடவே ஓடாது, இல்லாவிட்டால் பிரேக் பிடித்தாலும் இழுத்துக்கொண்டே போகும். அடுத்து திரை உடையும், பற்றரியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி வெடிக்கும். இவ்வளவையும் காப்பது கீழே இருக்கும் ஒரு சாண் இரும்புக் கால். அதைத்தான் புதுச் சைக்கிள் வாங்கும்போது யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்றபோது நாடு முழுக்கச் சைக்கிளுக்குத் திரும்பியது. பழைய சைக்கிளில் மோட்டார் பூட்டிக்கொண்டவர்களும் உண்டு, முழுதாகச் செய்து வந்ததை வாங்கியவர்களும் உண்டு. இரண்டு வகையிலும் ஸ்டாண்ட்தான் பலவீனமான பாகம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடற்பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல்பக்கம் படுவான்கரை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் கிடைக்கக்கூடிய ஸ்டாண்ட் வகைகளை இங்கே ஒவ்வொன்றாக எடைபோட்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பின்சில்லில் மோட்டார் உள்ள சைக்கிளுக்கு, பின் அச்சுக்கு முன்னால் இடப்பக்கக் குழாயில் இரண்டு போல்டில் பூட்டும் 40 மில்லிமீற்றர் வகைச் சைட் ஸ்டாண்ட். முன்சில்லில் மோட்டார் இருந்து, பின் கரியரில் பாரம் ஏற்றுபவர்களுக்கு, மீன் பெட்டிச் சைக்கிள்களில் பார்க்கும் அதே பழைய டபுள் ஸ்டாண்ட். பெடல் அச்சில் மோட்டார் இருந்தால் பிரேமில் கொடுத்திருக்கும் துளைகளைப் பொறுத்தது. சைக்கிளோடு வரும், நடுவில் ஒற்றைப் போல்டில் தொங்கும் மெல்லிய ஸ்டாண்டைப் பாரம் ஏற்றும் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

காலில் இறங்கும் பாரம்

இரும்புப் பிரேம் உள்ள பழைய பாணிச் சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ. 1000 வொட் நேரடி ஹப் மோட்டார், அதாவது சில்லின் நடுவிலேயே இருக்கும் மோட்டார், 6 முதல் 7 கிலோ. 48 வோல்ட் 13 அம்பியர் மணி லித்தியம் பற்றரி 4 கிலோவுக்குக் கிட்ட. ஆக 30 கிலோ. லித்தியத்துக்குப் பதிலாக 12 வோல்ட் 12 அம்பியர் மணி ஈயப் பற்றரி நான்கு வைத்த மலிவு வகை என்றால் பற்றரி மட்டுமே 16 கிலோ. முழுச் சைக்கிளும் 40 கிலோவைத் தாண்டிவிடும். கடைகளில் தொங்கும் சாதாரண ஸ்டாண்டோ 12, 15 கிலோச் சைக்கிளுக்குச் செய்யப்பட்டது.

சைட் ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிள் 10 பாகை சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். சைக்கிளின் பாரமையம் தரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், சாய்வினால் அது சில்லுக் கோட்டைவிட்டு, அதாவது இரு சில்லும் தரையைத் தொடும் கோட்டைவிட்டு, ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் இடப்பக்கம் வரும். ஸ்டாண்டின் பாதம் சில்லுக் கோட்டிலிருந்து 25 சென்ரிமீற்றர் தள்ளி ஊன்றியிருந்தால் 35 கிலோச் சைக்கிளில் 14 கிலோ காலில் இறங்கும். இது வெறும் சைக்கிளுக்கு. கரியரில் 25 கிலோ அரிசி மூட்டை ஏறியதும் கதை மாறுகிறது. மூட்டையின் மையம் 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதால் அது மட்டும் இன்னும் 16 கிலோவைக் காலில் போடும். மொத்தம் 30. ஸ்டாண்ட் கட்டையாக, அதாவது நீளம் குறைவாக இருந்து சாய்வு 15 பாகையாகிவிட்டால் அதே சைக்கிளும் மூட்டையும் காலில் 45 கிலோவரை இறக்கும். சாய்வு ஐந்து பாகை கூடியதற்கே பாரம் ஒன்றரை மடங்கு. ஸ்டாண்ட் வளைகிறது என்று முறைப்பாடு சொல்பவர்களில் பலரிடம் கால் மெல்லியது என்பதைவிட கால் கட்டை என்பதே பிரச்சினை.

அடுத்தது மண். சாதாரண ஸ்டாண்டின் பாதம் 2க்கு 3 சென்ரிமீற்றர், அதாவது 6 சதுர சென்ரிமீற்றர். அதில் 14 கிலோ இறங்கினாலே ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் இரண்டு கிலோவுக்கு மேல் அழுத்தம். கல்லடி, களுவாஞ்சிக்குடி, பொத்துவில் பக்கக் கடற்கரை மணல் அதைத் தாங்காது. இரண்டு நிமிடத்தில் கால் இறங்கி, சாய்வு கூடி, கூடிய சாய்வு இன்னும் பாரத்தைப் போட்டு, சைக்கிள் சரிந்துவிடும். வாவிக்கு அக்கரையில், வயல்பக்கக் களிமண்ணில், கோடையில் கல்லாக நிற்கும் தரை மாரியில் கஞ்சியாகும். கிறவல் வீதி இரண்டுக்கும் நடு. தார் வீதியை நம்பலாம் என்பார்கள், ஆனால் சித்திரை வைகாசி நடுப்பகலில் புதுத்தார் மேல் கால் ஊன்றி அரைமணித்தியாலம் விட்டால் பாதத்தின் அச்சு தாரில் பதிந்திருக்கும்.

நடுவில் ஒற்றைப் போல்டு வகை

பெடல் அச்சுக்குச் சற்றுப் பின்னால், பின்சில்லுக்குப் போகும் இரண்டு கீழ்க் குழாய்களுக்கும் இடையில், மேலே ஒரு தகடு, கீழே ஸ்டாண்ட், ஊடே ஒரு 10 மில்லிமீற்றர் போல்டு. இறுக்க 8 மில்லிமீற்றர் அலன் கீ அல்லது 17 ஸ்பனர். பூட்டுவது சுலபம், மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

ஒற்றைப் போல்டு என்பதால் பாரம் வந்ததும் முழு ஸ்டாண்டும் போல்டைச் சுற்றித் திரும்பும். திரும்பாமலிருக்க மேலும் இறுக்குவார்கள். அலுமினியக் குழாயின் சுவர் மெல்லியது. இறுக்க இறுக்கக் குழாய் சப்பையாகும். வர்ணம் மயிர்க்கோடாக வெடித்திருந்தால் அதற்குள் குழாய் நசிந்துவிட்டது என்று அர்த்தம். எலெக்ட்ரிக் சைக்கிளில் இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பின் மோட்டாருக்குப் போகும் வயர் அநேகமாக அந்தக் கீழ்க் குழாயின் அடியாலேயே ஓடுகிறது. தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் அது அகப்பட்டால் வயர் அன்றே அறுவதில்லை. உள்ளே இருக்கும், மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று அறிவிக்கும் மெல்லிய ஹோல் சென்சர் வயர்களின் உறை மெல்ல நசிந்து, ஒரு மழைநாளில் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். மோட்டார் விக்கி விக்கி இழுக்கும், அல்லது திரையில் பிழை எண் வந்து நின்றுவிடும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கொன்ட்ரோலரை மாற்றியும் சரிவராத பல சைக்கிள்களில் தேட வேண்டிய இடம் ஸ்டாண்டின் தகட்டுக்கு அடியில்.

இன்னொன்று: நடு ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளினால் பெடலும் பின்னுக்குச் சுற்றும், இடது பெடல் தண்டு ஸ்டாண்டில் வந்து இடிக்கும். கனத்த சைக்கிளின் உந்தலில் அந்த ஓர் இடி போதும், ஸ்டாண்டின் கழுத்து வெடிக்க.

பிரேம் செய்தவர்களே அந்த இடத்தில் 18 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளை போட்ட தகடு ஒட்டியிருந்தால் விடயம் வேறு. கேஎஸ்ஏ 18 என்று பெட்டியில் போட்டிருப்பது அதைத்தான். இரண்டு எம் 6 போல்டு பிடிப்பதால் திரும்பாது, குழாயை நசிக்காது. அந்தத் தகடு இருக்கிறதா என்று சைக்கிளைக் கவிழ்த்து ஒருமுறை பாருங்கள். இருப்பது தெரியாமலே ஒற்றைப் போல்டு வகையைப் பூட்டி ஓடுபவர்கள் உண்டு.

பின் குழாயைக் கவ்வும் வகை

பின் அச்சுக்கு அருகில் கீழ்க் குழாயையும் சீற்றுக்குப் போகும் குழாயையும் இரண்டு கவ்விகளால் பிடிக்கும் சைட் ஸ்டாண்ட். நடு வகையைவிட எவ்வளவோ மேல். இரண்டு குழாயில் பாரம் பகிர்கிறது, பெடலில் இடிக்காது, பின் மோட்டாரின் கனத்துக்குக் கிட்ட நிற்கிறது. துளை எதுவும் இல்லாத பிரேமுக்கு வெல்டிங் செய்யாமல் பூட்டக்கூடிய நல்ல வழி இதுதான்.

ஆனால் டிஸ்க் பிரேக் இருந்தால் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும் பகுதி இடப்பக்கம் பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது, கவ்வி உட்கார அங்கே இடம் இருக்காது. கவ்வியின் போல்டு நுனி உட்பக்கம் நீண்டு டிஸ்க்கை உரசாமல் 5 மில்லிமீற்றராவது விட வேண்டும். வழுக்காமலிருக்கப் பழைய டியூப்பை வெட்டி ஒரு சுற்றுச் சுற்றலாம். ஒரு சுற்றுத்தான். மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் றப்பர் மெத்தையாகி, கவ்வி இன்னும் கூடுதலாக ஆடும்.

காலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைகளில் ஒரு பொத்தான் அமுக்கினால் வழுக்கும் இனமும், போல்டு தளர்த்தி நகர்த்தும் இனமும் இருக்கின்றன. கனத்த சைக்கிளுக்குப் பொத்தான் இனம் வேண்டாம். சில மாதத்தில் பொத்தான் உட்காரும் துளை முட்டை வடிவமாகி, நிறுத்தி வைத்த இடத்தில் கால் திடீரென்று ஒரு படி உள்ளே போகும்.

40 மில்லிமீற்றர் இரண்டு போல்டு வகை

பின் அச்சுக்கு முன்னால், இடது கீழ்க் குழாயின் நுனியில், 40 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளைகள். இதற்குப் பெயர் கேஎஸ்ஏ 40. நல்ல எலெக்ட்ரிக் சைக்கிள்களில் பிரேமோடேயே வருகிறது. ஸ்டாண்ட் நேரே பிரேமில் உட்காருவதால் கவ்வி இல்லை, நசிவு இல்லை, வழுக்கல் இல்லை. போல்டுகள் பெரும்பாலும் எம் 6. 8 முதல் 10 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். அளவு காட்டும் ஸ்பனர் இல்லாதவர்கள் 10 சென்ரிமீற்றர் நீளமான அலன் கீயின் நுனியை 8 முதல் 10 கிலோ பலத்தில் இழுப்பதாகக் கணக்கு வைக்கலாம்.

எங்கள் பார்வையில் பின் மோட்டார்ச் சைக்கிளுக்கு முதலிடம் இதற்குத்தான். காலின் தடிப்பு 16 மில்லிமீற்றருக்குக் குறையாமல், உள்ளே பொள்ளாக இல்லாத அலுமினியமாக அல்லது கனமான இரும்புக் குழாயாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இதன் ஒரு குறை முன்சில்லு. பாரம் பின்னால் ஊன்றப்படுவதால் முன்சில்லு தன்பாட்டில் திரும்பும். கூடை நிறையச் சாமான் இருந்தால் கட்டாயம் திரும்பும். திரும்பியதும் சைக்கிள் நகர்ந்து ஸ்டாண்ட் மடங்கிக்கொள்ளும். பழைய டியூப்பிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஒரு வளையம் வெட்டி, நிறுத்தும்போது முன் பிரேக் லீவரோடு கைப்பிடியைச் சேர்த்து மாட்டிவிட்டால் சில்லு உருளாது. காசில்லாத வைத்தியம், நன்றாக வேலை செய்கிறது. ஒன்று மட்டும் கவனம்: லீவர் அமுங்கியிருக்கும்வரை அதிலுள்ள சுவிட்ச் மோட்டாரை நிறுத்தியே வைத்திருக்கும்; புறப்படும்போது வளையத்தைக் கழற்ற மறந்துவிட்டு மோட்டார் பழுது என்று நினைக்க வேண்டாம்.

பழைய டபுள் ஸ்டாண்ட்

கனத்த இரும்பை வளைத்து, பின் அச்சின் இருபக்கமும் தொங்கவிட்டு, மிதித்து இழுத்தால் பின்சில்லை நிலத்திலிருந்து தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட். மீன் பெட்டி கட்டிய சைக்கிள்களிலும் விறகு ஏற்றும் சைக்கிள்களிலும் இருப்பது இதுதான். சைக்கிள் சாய்வதே இல்லை, ஆகவே மேலே போட்ட கணக்கெல்லாம் இதற்குப் பொருந்தாது. பாரம் நேரே கீழே இறங்குகிறது. அடிச்சட்டம் ஒரே கம்பியாகக் கிடையில் படுத்திருப்பதால் மணலிலும் அதிகம் புதையாது. பாரம் தாங்கும் விதத்தில் இதற்கு நிகர் வேறெதுவும் இல்லை என்பதில் சந்தேகமே கிடையாது.

ஆனால் பின்சில்லில் மோட்டார் உள்ள சைக்கிளில் இதைப் பூட்டுவதற்கு முன் நிறுத்தி யோசிக்க வேண்டும். இந்தப் பகுதியை அவசரமாக வாசிக்க வேண்டாம்.

சாதாரணப் பின் அச்சு 9.5 மில்லிமீற்றர், ஸ்டாண்டின் துளையும் அதற்கேற்பவே இருக்கும். ஹப் மோட்டாரின் அச்சு 12 அல்லது 14 மில்லிமீற்றர். ஆகவே துளையைப் பெருப்பிப்பார்கள். ஸ்டாண்டின் காது 25 மில்லிமீற்றர் அகலம் என்றால், 14 மில்லிமீற்றர் துளை போட்ட பிறகு இருபக்கமும் ஐந்தரை மில்லிமீற்றர் இரும்புதான் மிஞ்சும். அங்கேதான் வெடிக்கும்.

அதைவிட முக்கியம் அச்சின் நீளம். மலிவுச் சைக்கிள்களில் கரியரின் கால், மட்கார்டின் கம்பி எல்லாம் ஏற்கனவே அதே அச்சில் தொங்குகின்றன. அதன்மேல் ஸ்டாண்டின் 3 மில்லிமீற்றர்க் காதும் சேர்ந்தால் நட்டுப் பிடிக்க மரை மிஞ்சாது. ஹப் மோட்டார் சில்லைச் சுற்றும்போது அதே பலத்தோடு அச்சை எதிர்ப்பக்கம் திருகப் பார்க்கிறது. அச்சின் இருபக்கமும் தட்டையாகச் சீவியிருப்பதும், நாக்கு வைத்த வொஷர் போடுவதும் அதைத் தடுக்கத்தான். நட்டு இளகினால் அச்சு பிரேமின் வாயை விரித்துக்கொண்டு சுற்றும். மோட்டாரின் வயர் அச்சின் நுனி வழியாகத்தான் வெளியே வருகிறது. அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால் வயர் முறுகி அறுந்துவிடும். சில்லு கழன்று ஆள் விழவும் கூடும். டபுள் ஸ்டாண்டை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அது அதே அச்சில் ஆடி அந்த நட்டைத் தளர்த்துகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பின் மோட்டாரில் டபுள் ஸ்டாண்ட்தான் வேண்டுமென்றால், அச்சில் தொங்கவிடாமல், இரும்புப் பிரேமின் வாய்க்கு முன்னால் இருபக்கமும் 5 மில்லிமீற்றர்த் தகடு வெல்டிங் செய்து, அதில் தனியாக 10 மில்லிமீற்றர் போல்டில் தொங்கவிட வேண்டும். அச்சு நட்டைச் சுமார் 40 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, அதாவது 25 சென்ரிமீற்றர் ஸ்பனரின் நுனியை 16 கிலோ பலத்தில் இழுத்து, அதன் பக்கமே ஸ்டாண்ட் போகாமல் விட வேண்டும். முன்சில்லில் மோட்டார் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர்களுடைய பின் அச்சு சாதாரண அச்சு. தயங்காமல் டபுள் ஸ்டாண்ட் பூட்டலாம்.

பாவிக்கும்போது ஒழுங்கு ஒன்று: முதலில் ஸ்டாண்டில் ஏற்று, பிறகு பாரம் வை. மூட்டையோடு சேர்த்துத் தூக்கினால் இடுப்பும் போகும், ஸ்டாண்டின் காதும் போகும். இறக்கும்போது பொத்தென்று விழவிடாமல் கரியரைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். கரியரில் இருக்கும் பற்றரியின் பிளக் அந்தக் குலுக்கலில்தான் இளகுகிறது. சாவியை நிறுத்திய பிறகே ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பின் மோட்டார்ச் சைக்கிளில் தூக்கி நிற்கும் சில்லு, திரொட்டலில் ஒரு பிள்ளையின் கை பட்டால் போதும், முழு வேகத்தில் சுற்றும். கம்பிகளுக்குள் விரல் போனால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டு கால் நடு ஸ்டாண்ட்

ஐரோப்பாவில் பிள்ளைகளையும் சாமானையும் ஏற்றும் சைக்கிள்களில் பிரபலமானது. சுவிற்சர்லாந்தின் பிளெட்சர் நிறுவனம் செய்யும் வகையில் இரண்டு காலும் மடங்கி இடப்பக்கமாக ஒதுங்கும். இங்கே எடுப்பதென்றால் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். சீமெந்துத் தரையிலும் கொங்கிறீட் ஒழுங்கையிலும் அருமையாக நிற்கும். ஆனால் பாதங்களுக்கு இடையில் 30 சென்ரிமீற்றராவது அகலம் இல்லாவிட்டால் காற்றுக்குத் தாங்காது. மணலில் ஒரு கால் மற்றதைவிடக் கூடுதலாக இறங்கினால் சைக்கிள் எந்தப் பக்கம் விழும் என்றே சொல்ல முடியாது. பிரேமில் 18 மில்லிமீற்றர்த் தகடு இருந்தால் மட்டும், காப்பெற் வீதியும் சீமெந்து முற்றமும் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

கையில் ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். சைக்கிள் பிரேமுக்கும் அதே சோதனை. பிரேம் அலுமினியம் என்றால் அதில் எந்த வெல்டிங்கும் வேண்டாம், வெப்பம் பட்ட இடம் பலமிழந்துவிடும்.

ஸ்டாண்டை விரித்து, மேற்பகுதியை ஒரு கையால் இறுகப் பிடித்து, பாதத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். புதிதிலேயே பாதம் ஒரு விரற்கடை ஆடினால் மூட்டு ஆணி தளர்ந்தது, அதை வைத்துவிடுங்கள். வார்ப்பு அலுமினியமாக இருந்தால் காலும் மூட்டும் சேரும் கழுத்தில் குமிழ்க்குழிகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முறிவது எப்போதும் அந்த இடத்தில். ஸ்பிரிங் கையால் இழுக்கக் கஷ்டமாக இருக்க வேண்டும். இலகுவாக மடங்கும் ஸ்டாண்ட் குழியில் விழும்போதெல்லாம் தன்பாட்டில் இறங்கி நிலத்தைத் தட்டும்.

நீளம் எடுப்பதும் பூட்டுவதும்

சைக்கிளில் பற்றரியைப் பூட்டி, டயருக்கு வழக்கமான காற்று அடித்து, சமதரையில் நிறுத்துங்கள். பற்றரியைக் கழற்றி வைத்து நீளம் எடுத்தால் பிறகு டயர் அமுங்கி அளவு மாறும். ஒருவர் சைக்கிளை இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு சாய்க்க? சீற்றின் நடுவிலிருந்து ஒரு நூலில் நட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். சீற்று 90 சென்ரிமீற்றர் உயரமென்றால், நூல் சில்லுக் கோட்டிலிருந்து 16 சென்ரிமீற்றர் தள்ளி நிலத்தைத் தொடும் இடம்தான் 10 பாகை. அந்தச் சாய்வில் பாதம் தரையைத் தொடும்படி நீளத்தை நிறுத்துங்கள். வெட்டும் வகை என்றால் ஒரேயடியாக வெட்டாமல் ஐந்து ஐந்து மில்லிமீற்றராக வெட்டிப் பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

முற்றத்தில் சரியாக நின்றது வீதியோரத்தில் ஏன் விழுகிறது என்று கேட்பவர்களுக்கு: வீதி நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழும். இடப்பக்க ஓரத்தில் நிறுத்தினால் பாதம் இருக்கும் இடம் சில்லைவிடத் தாழ்வு. 25 சென்ரிமீற்றருக்குள் 3 சென்ரிமீற்றர் தாழ்ந்தாலே சாய்வு ஏறத்தாழ 7 பாகை கூடிவிடும். எதிர்ப்பக்க ஓரத்தில் நிறுத்தினால் நேரெதிர், சைக்கிள் நிமிர்ந்து வலப்பக்கம் விழப் பார்க்கும். ஆகவே ஓரத்துச் சரிவைத் தவிர்த்து, கடை வாசல் மட்டத்தைத் தேடுவது நல்லது.

பூட்டும்போது முதல் வேலை வயரைத் தேடுவது. மோட்டார் வயர், பின் பிரேக் கேபிள் இரண்டும் குழாயின் எந்தப் பக்கத்தால் போகின்றன என்று விரலால் தடவிப் பார்த்து, ஸ்டாண்ட் உட்காரும் இடத்திலிருந்து விலக்கி, பிளாஸ்டிக் கட்டால் குழாயின் மேற்பக்கம் கட்டுங்கள். போல்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ். ஸ்பிரிங் வொஷர் போட்டு, இரண்டு போல்டையும் முதலில் கையால், பிறகு மாறி மாறி இறுக்குங்கள். ஸ்டாண்டை மடித்துப் பெடலைப் பின்னுக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். குதிக்காலும் இடிக்கக் கூடாது. ஒரு கிழமை ஓடியதும் திரும்ப இறுக்க வேண்டும். புதிய பூட்டு எதுவும் முதல் கிழமையில் கொஞ்சம் இளகும்.

வெல்டிங் கடையில் தகடு ஒட்டுபவர்கள் பற்றரியைக் கழற்றி, கொன்ட்ரோலரின் பிளக்குகளையும் பிரித்துவிட்டே சைக்கிளை ஒப்படையுங்கள். ஏர்த் கவ்வியை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். மோட்டார் அச்சில் மாட்டினால் மின்னோட்டம் மோட்டாருக்குள்ளால் போகும்.

பாதத் தகடு

இந்தக் கரையில் எந்தச் சைட் ஸ்டாண்ட் வாங்கினாலும் இதைச் செய்யாமல் வாங்கியதாகக் கணக்கில்லை. 3 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் 6க்கு 8 சென்ரிமீற்றர் வெட்டி, மூலைகளை உருட்டி, பாதத்தின் அடியில் ஒட்டுவது. பரப்பு 6 சதுர சென்ரிமீற்றரிலிருந்து 48 ஆகிறது, மண்ணின்மேல் அழுத்தம் எட்டில் ஒன்றாகிறது. தகட்டைக் காலுக்குச் செங்குத்தாக ஒட்டுவதுதான் வழக்கமான பிழை. அப்படி ஒட்டினால் அதன் ஓர் ஓரம் மட்டும் மண்ணில் கத்தியாக இறங்கும். சைக்கிளை ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தி, தகட்டை நிலத்தில் படுக்கவைத்து, கால் அதில் வந்து நிற்கும் கோணத்திலேயே இரண்டு புள்ளி ஒட்டு வைத்து, பிறகு கழற்றி முழுதாக ஒட்ட வேண்டும். மடித்த நிலையில் தகடு கம்பிகளுக்கும் பெடலுக்கும் எட்டாமல் இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன்பே பாருங்கள். அலுமினியக் கால் என்றால் ஒட்டாமல் இரண்டு ஸ்குறூவில் பூட்டலாம்.

கிறவலுக்கும் ஒழுங்கை மணலுக்கும் இது போதும். காய்ந்த கடற்கரை மணலுக்குப் போதாது. அங்கே ஒரு சாண் சதுரப் பலகைத் துண்டைக் கூடையில் வைத்திருந்து காலுக்கடியில் போட வேண்டியதுதான். மழைக்களியில் தகடு மண்ணை அள்ளிக்கொண்டு மடங்கும், புறப்படும்போது ஒருமுறை உதைத்து உதிர்த்துவிடுங்கள். டைல்ஸ், இன்டர்லொக் கல் உள்ள இடங்களில் நிறுத்துபவர்களுக்குத் தகடு வழுக்கும். அவர்கள் ஊன்றுகோலுக்குப் போடும் றப்பர்த் தொப்பியை மருந்துக் கடையில் வாங்கி மாட்டலாம். 16, 19, 22 மில்லிமீற்றர் அளவுகளில் வருகிறது.

காற்றும் உப்பும்

ஸ்டாண்ட் இடப்பக்கம் இருப்பதால் வலப்பக்கமிருந்து அடிக்கும் காற்று சைக்கிளை ஸ்டாண்டின் மேல் தள்ளும், அது பரவாயில்லை. இடப்பக்கமிருந்து அடித்தால் தாங்க எதுவும் இல்லை. கச்சான் மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் கல்முனை வீதியில் தெற்கே பார்த்து நிறுத்தினால் வலப்பக்கம் காற்றுக்கு நேரே இருக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடை தொடங்கியதும் வடக்கே பார்த்து நிறுத்துங்கள். பாலத்து ஏற்றம், வாசற்சரிவு போன்ற இடங்களில் மேட்டைப் பார்த்தே நிறுத்த வேண்டும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் சைக்கிள் முன்னே உருளும்போது ஸ்டாண்ட் தானாக மடங்கிவிடும்.

கடற்காற்று ஸ்பிரிங்கைத்தான் முதலில் தின்கிறது. கடற்கரைக்குப் போய்வந்தால் ஸ்டாண்டின் மூட்டுப் பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு இரண்டு சொட்டு எண்ணெய். ஈரமாக இருக்கும்போது கிரீஸ் பூசினால் அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு மூட்டு ஆணியை அரத்தால் ராவியதுபோல் தேய்த்துவிடும். அலுமினியப் பிரேமில் துருப்பிடிக்காத எஃகுப் போல்டு போடுபவர்கள் கிரீஸ் இல்லாமல் போட வேண்டாம். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரித்து இறுகி, ஒரு வருடம் கழித்துக் கழற்றும்போது மரை அப்படியே போல்டோடு வந்துவிடும்.

கடைசியாக, சைட் ஸ்டாண்டில் நிற்கும் எலெக்ட்ரிக் சைக்கிளின் சீற்றிலோ கரியரிலோ பிள்ளையை உட்காரவைத்துவிட்டு ஒருபோதும் கையை எடுக்காதீர்கள். 15 கிலோப் பிள்ளை ஒருதடவை வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் பாரமையம் சில்லுக் கோட்டைத் தாண்டிவிடலாம், எந்த ஸ்டாண்டும் அந்தப் பக்கம் தாங்குவதில்லை. ஏற்றும்போது கடைசியாகப் பிள்ளை, இறக்கும்போது முதலில் பிள்ளை.